சாவி யாரிடம் இருக்கிறது?

(மாணவர் சங்கம் ஒன்றின் துவக்க விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய தோழர் என்னைப் பெரிய அறிஞன் என்றும், மாணவர்களுக்கு வழிகாட்டத் தக்கவன் என்றும் வெகுதூரம் புகழ்ந்துவிட்டார். அதில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையில்லை. நான் எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் முடி வெட்டும் கடையில் கிடந்த பத்திரிகைகளும், பழைய புத்தகக் கடையில் எடை போட்டு வாங்கிய புத்தகங்களுமேயாகும். ஆகையால் கல்லூரியில் படிக்கும் உங்களுக்குப் பாடம் சொல்லும் யோக்கியதை எனக்கு இருப்பதாக நான் கருதவில்லை. ஆனால் ஒரு சங்கத்தை எப்படிக் கெடுப்பது என்பதில் மட்டும் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. அந்த அனுபவத்தைச் சொல்லத்தான் இங்கு வந்திருக்கிறேன். நீங்கள் இதைக் கேட்டு, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

துவக்க விழா யாருக்கும் வரும்

தோழர்களே! இன்று இந்த மண்டபத்தில் உட்கார இடமில்லை. வாழை மரமும் தோரணமும் கட்டியிருக்கிறீர்கள். ஒலிபெருக்கி வைத்திருக்கிறீர்கள். எனக்கு ஒரு மாலையும் போட்டீர்கள். இவையெல்லாம் சந்தோஷமான காரியங்களே. ஆனால் நம் நாட்டில் சங்கம் துவக்குவதில் என்றைக்காவது குறைவு இருந்ததா? நம் ஊர்களில் துவக்க விழா கண்ட சங்கங்களை எண்ணினால் ஆலமரத்து இலையை எண்ணுவதுபோல் ஆகும். அவற்றுள் முதலாம் ஆண்டு விழாக் கண்டவை எத்தனை? இரண்டாம் கூட்டத்தைக் கண்டவைதான் எத்தனை? பிள்ளை பிறந்ததும் ஊருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டு, மறுநாள் பால் கொடுக்க மறந்துபோகும் தாயை நாம் கேள்விப்பட்டதில்லை. ஆனால் சங்கம் வைக்கிறவர்களில் அநேகர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

இது ஏன் என்று கேட்டால், மாணவர்களுக்கு ஊக்கமில்லை என்பார்கள். ஊரில் ஆதரவில்லை என்பார்கள். பணமில்லை என்பார்கள். இவையெல்லாம் வெறும் சமாதானங்கள் என்பது என் அபிப்பிராயம். பெரும்பாலான சங்கங்கள் செத்துப்போவது தலைவனாலேயே. கெட்ட தலைவனால் என்று சொல்லவில்லை. நல்ல தலைவனாலும், உழைக்கிற தலைவனாலுந்தான் சொல்லுகிறேன். ஏனெனில் நானே அப்படி ஒரு சங்கத்தைச் சாகடித்திருக்கிறேன்.

நான் சாகடித்த சங்கம்

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. எங்கள் ஊரில் ஒரு சைக்கிள் கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்து, வாலிபர்களுக்கும் மாணவர்களுக்குமாக ஒரு படிப்பகமும் சங்கமும் வைத்தேன். துவக்க நாளில் எழுபது பேர் வந்தார்கள். தலைவர் நான், காரியதரிசி நான், பொக்கிஷதாரும் நானே. வாரா வாரம் பிரசங்கியும் நான்தான். கூட்டுகிறவனும் நான், பாய் விரிக்கிறவனும் நான், விளக்கை அணைத்துப் பூட்டுகிறவனும் நான். அறையின் சாவி எப்போதும் என் இடுப்பில்தான் இருக்கும். ஊரில் எல்லோரும் "அவன் ஒருவன் இல்லாவிட்டால் அந்தச் சங்கம் ஏது?" என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டு எனக்கு உச்சி குளிர்ந்தது. அது புகழ் அல்ல, அந்தச் சங்கத்துக்கு முன்கூட்டியே வாசித்த இரங்கல் தீர்மானம் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

எங்கள் சங்கத்தில் ஒரு நெசவாளர் வீட்டுப் பையன் இருந்தான். பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். பேச வராது, ஆனால் கூட்டத்துக்கு முதலில் வருகிறவன் அவன்தான். ஒருநாள் என்னிடம் வந்து, "அண்ணே! அப்பா நெய்கிற வேட்டி கடையில் என்ன விலைக்குப் போகிறது, நடுவில் யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு வாரம் நான் பேசட்டுமா?" என்று கேட்டான். "இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு வா, தம்பி" என்றேன். அடுத்த மாதம் மறுபடியும் கேட்டான். அதே பதிலைச் சொன்னேன். மூன்றாம் முறையும் கேட்டான். மூன்றாம் முறையும் அப்படியே சொன்னேன். அவனுக்கு வராத படிப்பு எனக்கு வந்துவிட்டது என்ற எண்ணம்தான் அதற்குக் காரணம். வேறொன்றுமில்லை.

பிறகு எனக்கு டைபாய்டு சுரம் வந்து இரண்டு மாதம் படுத்துவிட்டேன். எழுந்து போய்ப் பார்த்தால், மாடியில் வேறொருவர் அரிசி மூட்டை அடுக்கியிருந்தார். வாடகை வராததால் கடைக்காரர் பூட்டை உடைத்து அறையைக் காலி செய்திருக்கிறார். புத்தகங்கள் கொல்லைக் கொட்டகையில் கிடந்தன. பாதியைக் கறையான் தின்றிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தெருவில் அகப்பட்ட அங்கத்தினர்களையெல்லாம் நிறுத்தி, "எழுபது பேரில் ஒருவனுக்குமா பொறுப்பில்லை?" என்று கத்தினேன். எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். அந்தப் பையன் மாத்திரம் மெதுவாக, "அண்ணே! சாவி உங்களிடம்தானே இருந்தது?" என்றான்.

தோழர்களே! நான் எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பையனுக்கு மட்டும் இன்றுவரை பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அவன் எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. ஊர் ஊராகச் சென்று "கேள், பேசு, சிந்தி" என்று கத்திக்கொண்டிருக்கிற நான், என் கையாலேயே ஒரு வாயை மூடிவிட்டேன். இன்று உங்களிடம் பேச ஒப்புக்கொண்டதற்கு அதுவே முக்கிய காரணம்.

கல்கத்தாவில் ஒரு வாலிப ஆசிரியர்

இனி, என் கதையை விட்டு, சரித்திரத்திலிருந்து ஒரு சங்கத்தின் கதையைச் சொல்லுகிறேன். 1817-இல் கல்கத்தாவில் இந்து கல்லூரி என்று ஒன்று ஏற்பட்டது. 1826-இல் அதில் ஹென்றி டெரோசியோ என்பவர் ஆசிரியராகச் சேர்ந்தார். அவருக்கு அப்போது வயது பதினேழு. மாணவர்களில் சிலருக்கும் அவருக்கும் வயதில் அதிக வித்தியாசமில்லை. 1828-இல் அவர் தம் மாணவர்களைச் சேர்த்து ஒரு விவாத சங்கத்தை ஏற்படுத்தினார். மாணிக்தலா என்ற இடத்தில் ஒரு தோட்ட வீட்டில் அது கூடிவந்தது. விதி என்று ஒன்று உண்டா, மனிதனுக்குச் சுயேச்சை உண்டா, விக்கிரக ஆராதனை சரியா, தேசப்பற்று என்றால் என்ன என்றெல்லாம் அங்கே வாதித்தார்கள். இருநூறு வருஷத்துக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன், மீசை முளைக்காத பிள்ளைகள் இவற்றைப் பேசினார்கள் என்றால் அதைச் சாமான்யமான காரியமென்று சொல்ல முடியுமா?

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ஊரில் எதிர்ப்புக் கிளம்பி, 1831 ஏப்ரலில் கல்லூரி நிர்வாகிகள் டெரோசியோவை, அவர் பக்கத்து நியாயத்தைக் கேளாமலேயே, வேலையிலிருந்து விலகும்படி செய்துவிட்டார்கள். கடவுள் இல்லையென்று பிள்ளைகளுக்குப் போதித்தார் என்பது அவர்மேல் சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று. அதற்கு அவர் எழுதிய பதில் இன்றும் இருக்கிறது. அதில் அவர் சொன்னதன் சாரம் என்னவென்றால், ஹியூம் என்ற தத்துவ ஆசிரியருடைய சந்தேக வாதத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டியது உண்மை. ஆனால் அதை மறுத்து ரீடும் ஸ்டூவர்ட்டும் எழுதியதையும் கூடவே காட்டினேன். ஒரு பக்கத்தை மட்டும் காட்டி மறு பக்கத்தை மறைப்பது ஆசிரியன் வேலையல்ல என்பதாகும்.

இதை நீங்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நம்மில் பலர் விவாத சங்கம் வைப்பது, நாம் முன்பே முடிவு செய்து வைத்திருப்பதைக் கைதட்டலோடு மறுபடி கேட்பதற்காகவே. அது விவாதமல்ல, பஜனை. ராகம் வேறாக இருக்கலாம்; பஜனை பஜனைதான். நம் கொள்கை உண்மையாயிருந்தால் எதிரியின் மிகச் சிறந்த வாதத்துக்கு முன் அது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தக் கொள்கை நமக்கு எதற்கு?

வீரமும் வீம்பும்

அதே வருஷம் ஆகஸ்டில் இன்னொரு காரியம் நடந்தது. டெரோசியோவின் கூட்டத்தைச் சேர்ந்தவர்களில் கிருஷ்ணமோகன் பானர்ஜி என்பவர் ஒருவர். அவர் வீட்டில் இல்லாத சமயத்தில் அவருடைய சிநேகிதர்கள் அங்கே கூடி மாட்டிறைச்சி தின்றார்கள். தின்றதைப்பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. அவனவன் தின்பது அவனவன் வயிற்றுக்கு. ஆனால் தின்றதோடு நில்லாமல், மிச்சத்தை அண்டை வீட்டாரின் வீட்டுக்குள் எறிந்து கூச்சல் போட்டார்கள். ஊர் திரண்டுவிட்டது. எறிந்தவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே இல்லாத கிருஷ்ணமோகன் தம் வீட்டைவிட்டே வெளியேற்றப்பட்டார்.

பகுத்தறிவு பேசுகிற நான் இதைச் சொல்லுவது உங்களில் சிலருக்கு ஆச்சரியமாயிருக்கலாம். அடுத்தவன் வீட்டுக்குள் எலும்பை எறிவதால் அவனுக்குப் பகுத்தறிவு வந்துவிடுமா? அன்றைக்கு அவன் கதவைச் சாத்தினால் அப்புறம் நீ எந்த வாதத்தை எடுத்துக்கொண்டு போனாலும் திறப்பானா? தைரியம் என்பது நஷ்டத்தை நாம் ஏற்றுக்கொள்ளுவது. வீம்பு என்பது நஷ்டத்தை அங்கே இல்லாதவன் தலையில் கட்டுவது. சங்கத்தின் பெயரால் யாராவது ஒரு வேடிக்கை செய்யப் புறப்பட்டால், "இதற்கு விலை கொடுக்கப் போகிறவன் யார்?" என்று கேட்க வேண்டியது தலைவனுடைய முதல் கடமையாகும்.

தலைவர் போன பிறகு

1831 டிசம்பர் 26-இல் டெரோசியோ வாந்திபேதியால் இறந்துபோனார். அவருக்கு இருபத்திரண்டே வயது. என் சங்கத்தின் கதையைக் கேட்ட நீங்கள், அத்தோடு கல்கத்தா சங்கமும் அரிசி மூட்டை அடுக்கும் இடமாகியிருக்கும் என்று நினைப்பீர்கள். அப்படி ஆகவில்லை. டேவிட் ஹேர் என்ற ஒரு ஸ்காட்லாந்துக்காரர் அதற்குத் தலைவராயிருந்து மேலும் சில வருஷம் நடத்தினார். அவர் யார்? பெரிய பண்டிதரல்ல. 1800-இல் கடிகாரம் செய்து பிழைக்கக் கல்கத்தா வந்தவர். அந்தக் கூட்டங்களில் முன்பெல்லாம் கேட்கிறவராக உட்கார்ந்திருந்தவர். கேட்கத் தெரிந்தவனுக்கே தலைமை தாங்கத் தெரியும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி எனக்குத் தெரியாது.

அதற்கு மேலும் ஒரு விசேஷம். 1838-இல் அந்தக் கல்லூரியில் படித்து வெளியேறியவர்கள் கூடி, பொது அறிவு தேடும் சங்கம் என்ற பொருள்படும் பெயரில் வேறொரு சங்கத்தைத் தாங்களாகவே அமைத்துக்கொண்டார்கள். அதில் வெறும் வாய்ப்பேச்சு மட்டுமில்லை. அங்கத்தினர்களே விஷயங்களை ஆராய்ந்து கட்டுரையாக எழுதிவந்து படித்தார்கள். அவற்றில் தேர்ந்தெடுத்தவற்றைப் புத்தகங்களாகவும் அச்சிட்டார்கள். டெரோசியோ தம் மாணவர்களுக்குத் தம் முடிவுகளை மட்டும் கொடுத்திருந்தால் அவை அவரோடு போயிருக்கும். அவர் பழக்கத்தைக் கொடுத்தார். ஆதலால் அது அவருக்குப் பின்னும் நடந்தது.

நாற்காலியின் கடமை

அந்தச் சங்கத்தில் 1843 பிப்ரவரியில் நடந்த ஒரு கூட்டத்தைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. தட்சிணாரஞ்சன் முகர்ஜி என்ற அங்கத்தினர், கம்பெனி சர்க்காரின் கோர்ட்டும் போலீசும் நடக்கிற விதத்தைக் கண்டித்து ஒரு கட்டுரை படித்துக்கொண்டிருந்தார். கூட்டம் இந்து கல்லூரி மண்டபத்தில் நடந்தது. கல்லூரியின் தலைமை ஆசிரியராயிருந்த காப்டன் ரிச்சர்ட்சன் என்ற வெள்ளைக்காரரும் வந்திருந்தார். அவர் நடுவில் எழுந்து, இந்தக் கல்லூரியை ராஜத்துரோகத்தின் குகையாக ஆக்க விடமாட்டேன் என்ற கருத்துப்படச் சத்தம் போட்டார்.

அன்று தலைமை நாற்காலியில் இருந்தவர் தாராசந்த் சக்கரவர்த்தி. அவர் என்ன செய்தார்? கட்டுரை படித்தவரை உட்காரச் சொன்னாரா? துரையின் கோபத்தைக் கண்டு கூட்டத்தை ஒத்திவைத்தாரா? இல்லை. நீர் இங்கே விருந்தாளி. எங்கள் அங்கத்தினர் தம் அபிப்பிராயத்தைச் சொல்லுவதைத் தடுக்க உமக்கு உரிமையில்லை. நீர் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாவிட்டால் கல்லூரி நிர்வாக சபைக்கும், வேண்டுமானால் சர்க்காருக்குமே எழுதுவோம் என்கிற முறையில் நிதானமாகச் சொன்னார். வெள்ளையர் ஆட்சி நடக்கும் காலம். வெள்ளையர் தலைமை வகிக்கும் கல்லூரி. அவர்கள் கொடுத்த மண்டபம். ஆனாலும் தலைவர் தம் அங்கத்தினரைக் கைவிடவில்லை.

தோழர்களே! தலைமை நாற்காலி எதற்கு என்பதற்கு இந்த ஒரு சம்பவமே போதுமான விளக்கமாகும். மாலை வாங்குவதற்கல்ல. முன்னுரை ஒரு மணி, முடிவுரை ஒரு மணி பேசுவதற்கல்ல. பேசுகிறவன் பேசி முடிக்கும்வரை அவனைக் காப்பாற்றுவதற்கே தலைவன். அவன் பேசுவது தலைவனுக்குப் பிடிக்காததாயிருக்கும்போதும் காப்பாற்றுவதற்கு.

வாயோடு நின்றால் போதாது

ஆனால் கல்கத்தா சங்கத்தாரிடம் ஒரு பெரிய குறையும் இருந்தது. அவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள மேல்ஜாதி வீட்டுப் பிள்ளைகள். பேச்சு பெரும்பாலும் இங்கிலீஷில். அந்தத் தோட்ட வீட்டின் வேலிக்கு வெளியே வண்டி ஓட்டுகிறவனுக்கும், தண்ணீர் சுமக்கிறவனுக்கும் உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று விளங்கியிருக்க முடியாது.

இந்த இடத்தில் பம்பாய் மாணவர்கள் ஒரு படி மேலே போனார்கள். 1848-இல் அங்கே எல்பின்ஸ்டன் கல்வி நிலையத்தில் மாணவர் இலக்கிய விஞ்ஞான சங்கம் ஒன்று ஏற்பட்டது. இங்கிலீஷில் கட்டுரை படிப்பதோடு அது நிற்கவில்லை. மராத்தியிலும் குஜராத்தியிலும் பேசுவதற்கென்று கிளைச் சபைகளை ஏற்படுத்தினார்கள். அடுத்த வருஷமே, 1849-இல், பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் திறந்தார்கள். பிற்காலத்தில் இங்கிலாந்துப் பார்லிமெண்டு வரை சென்ற தாதாபாய் நௌரோஜி இதில் முன்னின்றவர்களில் ஒருவர். அவருக்கு அப்போது வயது இருபத்துநாலு. சம்பளம் கொடுத்து உபாத்தியாயர் வைக்கப் பணமில்லை. அங்கத்தினர்களே காலை வேளையில் கூலி வாங்காமல் போய்ப் பாடம் சொன்னார்கள். வீடு வீடாகப் போய், உங்கள் பெண்ணை அனுப்புங்கள் என்று கேட்டார்கள். படியிலிருந்து உருட்டிவிடுவேன் என்று மிரட்டிய தகப்பன்மார்களும் இருந்தார்கள். அதைக் கேட்டு அவர்கள் நின்றுவிடவில்லை. பிறகு ஜகந்நாத் சங்கர்சேட் போன்ற செல்வர்கள் இடமும் பணமும் கொடுக்க முன்வந்தார்கள். எது முதலில் வந்தது என்று பாருங்கள். முதலில் வேலை, பிறகு பணம். நாமோ பணம் வந்தால் வேலை செய்வோம் என்று தீர்மானம் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

சரி, பழங்கதை போதும். எங்கள் சங்கத்துக்கு என்ன சொல்லுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். சொல்லுகிறேன்.

முதலாவது, கூட்டத்துக்கு ஒரு நாளும் நேரமும் குறித்து, அதை மாற்றாதீர்கள். இன்று நூறு பேர் இருக்கிறீர்கள். மூன்றாம் கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அப்போது தலைவர் முகத்தைத் தொங்கப்போட்டு, வராதவர்களைத் திட்டுவார். வராதவர்களுக்கு அது கேட்காது. வந்த பன்னிரண்டு பேருக்குத்தான் கேட்கும். அந்தத் தவறைச் செய்யாதீர்கள். பன்னிரண்டு பேர் போதும். குறித்த நேரத்தில் ஆரம்பியுங்கள். குறித்த நேரத்தில் முடியுங்கள்.

இரண்டாவது, ஒருவன் இரண்டாம் முறை வந்தவுடன் அவன் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். பாய் விரிப்பதாகட்டும், புத்தகக் கணக்கு வைப்பதாகட்டும், நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதாகட்டும், ஏதாவதொன்று. வேலை இல்லாதவன் விருந்தாளி. விருந்தாளி மூன்று நாளுக்குமேல் தங்கமாட்டான். வேலை உள்ளவன் வீட்டுக்காரன்.

மூன்றாவது, வெளியூர்ப் பிரசங்கிகளை நம்பாதீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன். எங்களைப் போன்றவர்கள் வந்தால் கூட்டம் சேரும், சங்கம் சேராது. உங்களுக்குள்ளேயே ஒவ்வொருவரும் ஐந்து நிமிஷம் பேசுங்கள். பேச வராதவர் எழுதிவந்து படியுங்கள். விவாதத்தில் எந்தக் கட்சி என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். தான் வெறுக்கிற கட்சிக்காக ஒருநாள் வாதாடினவன், மறுநாள் தன் கட்சியையும் ஒழுங்காகப் பேசுவான். படிப்புப் போதாது என்று எவரையும் நிறுத்திவைக்காதீர்கள். நீந்தக் கற்ற பிறகுதான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்றால் யார் நீந்துவார்?

நாலாவது, பணம். சந்தா சிறியதாயிருக்கட்டும். கொடுக்க முடியாதவனுக்கும் ஓட்டு ஒன்றுதான், கொடுத்தவனுக்கும் ஒன்றுதான் என்று விதியில் எழுதிவையுங்கள். கணக்கை மாதா மாதம் எல்லோர் முன்பும் படியுங்கள். கேட்டால் காட்டுவோம் என்பது போதாது. ஒரே பெரிய மனிதரிடம் மொத்தமாக நன்கொடை வாங்காதீர்கள். இன்று பெஞ்சு வாங்கிக் கொடுப்பவர் நாளைக்கு அதில் தாமே உட்கார்ந்துகொள்ளுவார். அடுத்த நாள் யார் யார் உட்காரலாம் என்றும் சொல்லுவார்.

ஐந்தாவது, யார் வரவில்லை என்று பாருங்கள். வந்தவர்களை எண்ணுவது சுலபம். பள்ளி விட்டதும் கடையில் வேலைக்குப் போகிற பையனால் மாலை ஐந்து மணிக்கு வர முடியுமா? சேரியிலிருந்து வருகிற தோழர் கடைசி வரிசையில் ஏன் உட்காருகிறார்? பெண்களைக் கூட்டத்துக்கு அழைத்தோம் என்கிறீர்கள். வரவேற்புப் பாட்டுப் பாடவும் மாலை எடுத்துக் கொடுக்கவும் அழைத்தீர்களா, காரியதரிசியாக இருக்க அழைத்தீர்களா? கூட்டம் வெளிச்சத்திலேயே முடிந்தால் எத்தனை பெண்கள் வருவார்கள் என்று அவர்களையே கேட்டீர்களா? சமத்துவத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கூட்ட நேரத்தைச் சமத்துவமாகக் குறியுங்கள்.

ஆறாவது, வெளியில் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வேலை வேண்டாம். பக்கத்துத் தெருவில் பாடம் தெரியாமல் பின்தங்குகிற குழந்தைகளுக்கு வாரம் இரண்டு நாள் சொல்லிக்கொடுங்கள். அல்லது எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு மனு எழுதிக்கொடுங்கள். அறிவு என்பது சங்கத்துக்குள் பேசிப் பார்த்துக்கொள்ளும் நகையல்ல. உங்களால் தெருவில் ஒருவருக்காவது பயனிருந்தால், நாளைக்கு யாராவது உங்கள் சங்கத்தை மூட வரும்போது அந்தத் தெரு சும்மா இராது.

ஏழாவது, கடைசியானது, தலைவருக்கு. தோழர் தலைவரே! கோபித்துக்கொள்ளக் கூடாது. பதவி ஒரு வருஷத்துக்குத்தான் என்று இன்றைக்கே எழுதிவையுங்கள். நம் நாட்டில் தலைவனை உற்சவ மூர்த்தியாக்கிச் சப்பரத்தில் ஏற்றிவிடுகிற பழக்கம் நிரம்ப உண்டு. சாமி வேண்டாம் என்பவர்களிடமும் அந்தப் பழக்கம் உண்டு. ஏறினவருக்கு இறங்க மனம் வராது. தூக்கினவர்களுக்குத் தோள்பட்டை காய்த்துப்போகும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் வேண்டுமென்றே ஒரு கூட்டத்துக்கு வராமல் இருந்து பாருங்கள். நீங்கள் இல்லாமல் கூட்டம் நடந்தால், வருத்தப்படாதீர்கள். அன்றுதான் நீங்கள் ஜெயித்தீர்கள். நடக்காவிட்டால், அங்கத்தினர்களைத் திட்டாதீர்கள், என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு

தோழர்களே! இந்த நாட்டில் கேள்வி கேட்காதே என்று சொல்ல வீட்டில் ஆளுண்டு, தெருவில் ஆளுண்டு, பள்ளிக்கூடத்திலும் ஆளுண்டு. கேள் என்று சொல்ல ஓர் இடம் வேண்டும் என்றுதான் இந்தச் சங்கத்தை வைத்திருக்கிறீர்கள். அந்த இடத்திலும் "இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு வா, தம்பி" என்று ஒருவன் சொன்னால், அந்தத் தம்பி போவதற்கு வேறே இடம் எது? அதனால்தான் சங்கம் செத்துப்போவதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. அறை போனால் வேறு அறை பிடிக்கலாம். புத்தகத்தைக் கறையான் தின்றால் வேறு வாங்கலாம். மூடிப்போன வாயை யார் திறப்பது?

நான் உள்ளே வரும்போது தலைவர் இந்த மண்டபத்தின் பூட்டைத் திறப்பதைப் பார்த்தேன். ஒரே சாவிதான் வைத்திருக்கிறார். நாளைக் காலையில் கடைத்தெருவுக்குப் போய் அதைப்போல் இன்னும் மூன்று சாவி அடித்துவாருங்கள். ஒன்றைக் காரியதரிசியிடம் கொடுங்கள். ஒன்றை உங்களில் வயதில் சிறியவரிடம் கொடுங்கள். மற்றொன்றை, எப்போதும் முதலில் வந்து ஒன்றும் பேசாமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, அந்தத் தோழரிடம் கொடுங்கள். செலவு அதிகமாகாது. எனக்குப் போட்ட மாலையின் விலைகூட ஆகாது.

நான் சொன்னதில் தவறு இருந்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து கண்டிக்கும்படியும் கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.